வெஸ்ட் ஹாம் ரசிகர்களும் லண்டன் விளையாட்டரங்கமும்

லண்டன் விளையாட்டரங்கம் என்பது இங்கிலாந்தின் கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் உள்ள எலிசபெத் அரசி ஒலிம்பிக் பூங்காவில் அமைந்த விளையாட்டரங்கம் ஆகும். 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட இந்த அரங்கம், 2016 முதல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் சொந்த மைதானமாக இருந்து வருகிறது. அதற்கு முன் 1904 முதல் 2016 வரை, 112 ஆண்டுகள், அக்கழகம் அப்டன் பார்க் பகுதியில் இருந்த போலின் மைதானத்தில் ஆடியது. இரு மைதானங்களுக்கும் இடையே உள்ள தொலைவு நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே. ஆயினும் அந்தச் சிறு இடமாற்றம், ஆட்டம் பார்க்க வரும் ரசிகர்களின் ஒரு நாள் பொழுதை அடியோடு மாற்றிவிட்டது. புதிய அரங்கம் ஒன்று ரசிகர்களுக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிய இந்த இடமாற்றம் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

கழகத்தின் தோற்றம்

வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஒரு தொழிலாளர் கழகமாகப் பிறந்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக 1895-இல் இவ்வணி தொடங்கப்பட்டது. 1900-இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற பெயரில் மறுவடிவம் பெற்றது. கழகத்தின் சின்னத்தில் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும் இரண்டு சுத்தியல்கள், கப்பலின் இரும்புத் தகடுகளை ஆணி அடித்து இணைத்த தொழிலாளர்களின் கருவிகளாகும். ரசிகர்கள் இன்றும் தங்கள் அணியை 'அயர்ன்ஸ்' என்றும், பிறர் 'ஹாமர்ஸ்' என்றும் அழைப்பதற்கு இதுவே காரணம்.

1966-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் பாபி மூர், இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், மற்றொரு கோலை அடித்த மார்ட்டின் பீட்டர்ஸ் ஆகிய மூவரும் வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர்கள். அந்தப் பெருமை கிழக்கு லண்டன் மக்களிடையே தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுகிறது.

போலின் மைதானத்தில் ஓர் ஆட்ட நாள்

போலின் மைதானம் க்ரீன் ஸ்ட்ரீட் என்னும் தெருவில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே இருந்தது. அங்கிருந்த பழைய மாளிகை ஒன்றை எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவி ஆன் போலினோடு தொடர்புபடுத்தி மக்கள் பேசியதால் இப்பெயர் வந்தது. இறுதி ஆண்டுகளில் இதில் ஏறத்தாழ 35,000 பேர் அமரலாம்.

அங்கு ஆட்ட நாள் என்பது, ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். ரசிகர்கள் அப்டன் பார்க் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, குயின்ஸ் மார்க்கெட் என்னும் சந்தையைக் கடந்து, க்ரீன் ஸ்ட்ரீட் வழியாக நடப்பார்கள். தெருவின் மறுமுனையில், பார்க்கிங் ரோடு சந்திப்பில், போலின் டேவர்ன் என்னும் பழைய மதுக்கூடம் இருந்தது. நண்பர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் சந்திப்பார்கள். இறைச்சி பை, மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பச்சை நிறக் குழம்பு என்னும் கிழக்கு லண்டன் உணவை விற்கும் கடைகளில் வரிசை நிற்கும். தெருவோரத்தில் கழுத்துத் துண்டுகளும் ரசிகர்களே அச்சிட்ட இதழ்களும் விற்கப்படும்.

க்ரீன் ஸ்ட்ரீட் தெற்காசிய மக்களின் புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் பெயர்பெற்றது. அதற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் உள்ள ஈஸ்ட் ஹாமில் தமிழர் கடைகளும் கோயில்களும் உள்ளன. சனிக்கிழமைகளில் புடவை வாங்க வந்த குடும்பங்களும், ஊதாச் சிவப்பும் வெளிர்நீலமும் கலந்த சட்டை அணிந்த ரசிகர்களும் ஒரே நடைபாதையில் செல்வது அத்தெருவின் வழக்கமான காட்சியாக இருந்தது.

அரங்கினுள் பார்வையாளர் மாடங்கள் களத்தை ஒட்டியே இருந்தன. முன்வரிசையில் இருப்பவருக்கும் எல்லைக்கோட்டுக்கும் சில அடிகளே இடைவெளி. பந்தை உள்ளே எறிய வரும் எதிரணி ஆட்டக்காரர், ரசிகர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்க நேரும். கிழக்கு மாடத்துக்குச் 'சிக்கன் ரன்', அதாவது கோழிக்கூடு, என்ற செல்லப்பெயர் உண்டு. மரத்தாலும் கம்பி வலையாலும் ஆன பழைய மாடம் இடிக்கப்பட்ட பிறகும் அந்தப் பெயர் புதிய மாடத்துக்கு நிலைத்துவிட்டது. அணி களத்தில் நுழையும்போது நீர்க்குமிழிகளைப் பற்றிய பழைய பாடல் ஒன்றை அரங்கமே பாடும். இயந்திரங்கள் சோப்புக் குமிழிகளைக் காற்றில் விடும்.

அதே வேளையில் அந்த மைதானத்துக்குக் குறைகளும் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் ரயில் நிலையத்துக்குச் செல்லும் வரிசை தெரு நீளத்துக்கு நிற்கும். பருவச் சீட்டு கிடைப்பது கடினம்.

இடம் மாறியதற்கான காரணங்கள்

இங்கிலாந்துக் கால்பந்தில் அரங்கத்தின் அளவு கழகத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. லண்டனிலேயே ஆர்சனல் கழகம் 2006-இல் ஏறத்தாழ 38,000 பேர் அமரும் ஹைபரியிலிருந்து 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்கத்துக்கு மாறியிருந்தது. பெரிய அரங்கம் இருந்தால் அதிகச் சீட்டுகள் விற்கலாம், நல்ல ஆட்டக்காரர்களை வாங்கலாம், ஐரோப்பியப் போட்டிகளுக்குத் தகுதி பெறலாம் என்பது வெஸ்ட் ஹாம் நிர்வாகத்தின் வாதம். 2010-இல் கழகத்தை வாங்கிய டேவிட் சல்லிவன், டேவிட் கோல்டு ஆகியோர் இம்மாற்றத்தை முன்னெடுத்தனர். இவர்களுள் கோல்டு, போலின் மைதானத்துக்கு எதிரே க்ரீன் ஸ்ட்ரீட்டிலேயே வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபுறம் அரசுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஒலிம்பிக் முடிந்த பிறகு 80,000 பேர் அமரும் அரங்கத்தை என்ன செய்வது என்பதே அது. மேலடுக்கைக் கழற்றிவிட்டு 25,000 இருக்கைகள் கொண்ட தடகள அரங்கமாகச் சுருக்குவதே முதல் திட்டம். ஆனால் அந்த அளவுள்ள தடகள அரங்கம் ஆண்டு முழுவதும் பயன்படுமா என்ற ஐயம் எழுந்தது. ஆகவே கால்பந்துக் கழகம் ஒன்றைக் குடியமர்த்த முடிவு செய்யப்பட்டது. டோட்டன்ஹாம் கழகமும் இதற்குப் போட்டியிட்டது. அருகிலுள்ள சிறிய கழகமான லேட்டன் ஓரியன்ட், தன் ரசிகர்களை இழக்க நேரிடும் என்று எதிர்ப்புத் தெரிவித்தது. 2011-இல் ஒரு சுற்று ஏல நடவடிக்கை கைவிடப்பட்டு, 2013 மார்ச்சில் வெஸ்ட் ஹாம் முதன்மைக் குத்தகைதாரராக அறிவிக்கப்பட்டது.

குத்தகைக் காலம் 99 ஆண்டுகள். கழகம் மாற்றுப் பணிகளுக்கு 15 மில்லியன் பவுண்டும், தொடக்க நிலையில் ஆண்டு வாடகையாக 2.5 மில்லியன் பவுண்டும் தர ஒப்புக்கொண்டது. மாற்றுப் பணிகளுக்கான மொத்தச் செலவோ 323 மில்லியன் பவுண்டு. இதில் பெரும்பகுதி பொதுப்பணம். கோல் கம்பங்களும் மூலைக் கொடிகளும்கூட அரங்க உரிமையாளரின் செலவில் அடங்கும் என்பது ஒப்பந்தம் வெளியானபோது தெரியவந்தது. இது கழகத்துக்கு மிகவும் மலிவான ஏற்பாடு என்ற விமர்சனம் எழுந்தது.

தடகள அரங்கத்தில் கால்பந்து: அளவுகளின் சிக்கல்

புதிய அரங்கத்தில் ரசிகர்கள் சந்தித்த முதன்மையான சிக்கலைச் சிறிய கணக்கு ஒன்றினால் விளங்கிக்கொள்ளலாம்.

தடகள ஓடுபாதையின் ஒரு சுற்று 400 மீட்டர். அதில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர் நீளமும், இருபுறமும் உள்ள வளைவுகள் 36.5 மீட்டர் ஆரமும் கொண்டவை. எனவே ஓடுபாதைக்கு உள்ளே இருக்கும் திடலின் நீளம் ஏறத்தாழ 157 மீட்டர், அகலம் 73 மீட்டர். கால்பந்துக் களத்தின் அளவோ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் ஆகும். அதாவது ஒவ்வொரு கோல் கம்பத்துக்குப் பின்னாலும் சுமார் 26 மீட்டர் வெற்றிடம் இருக்கும். எட்டுத் தடங்கள் கொண்ட ஓடுபாதையின் அகலத்தையும் சேர்த்தால் 36 மீட்டர் ஆகிவிடும்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள மாடமே இங்கிலாந்தில் மிகுந்த ஆரவாரத்துடன் பாடும் ரசிகர்களின் இடம். நீள்வட்ட வடிவ அரங்கத்தில் அந்த மாடமே களத்திலிருந்து மிகவும் விலகிப் போகிறது.

இதைச் சரிசெய்ய, நகர்த்தக்கூடிய இருக்கை வரிசைகள் அமைக்கப்பட்டன. கால்பந்துப் பருவத்தில் இவை ஓடுபாதையை மூடியபடி முன்னே நகர்த்தப்படும். கோடையில் தடகளப் போட்டி நடக்கும்போது பின்னே இழுக்கப்படும். ஆனால் கீழடுக்கு மட்டுமே நகரும். மேலடுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இரு அடுக்குகளுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. நகர்த்தும் வேலையும் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. சில லட்சம் பவுண்டில் முடியும் என்று கணக்கிடப்பட்ட ஆண்டுச் செலவு பல மில்லியன் பவுண்டாக உயர்ந்தது.

ஒலியும் இதனால் பாதிக்கப்படுகிறது. போலின் மைதானம் போன்ற சிறிய, நெருக்கமான அரங்கத்தில் ஒரு மாடத்தின் பாடல் எதிர் மாடத்தை உடனே சென்று சேரும், அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பரந்த அரங்கத்தில் ரசிகர் கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருப்பதால், ஒரு மூலையில் தொடங்கிய பாடல் மறுமூலைக்குத் தாமதமாகவும் மங்கலாகவும் சேர்கிறது. எல்லா இருக்கைகளுக்கும் மேலாக விரிக்கப்பட்ட புதிய கூரை மழையைத் தடுத்தது. ஒலியையும் ஓரளவு உள்ளே நிறுத்தியது. ஆனால் தொலைவை அதனால் குறைக்க முடியவில்லை.

விடைபெற்ற இரவு

போலின் மைதானத்தின் கடைசி ஆட்டம் 2016 மே 10 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராக நடைபெற்றது. தெருவெங்கும் கூட்டம் நிரம்பி வழிந்தது. எதிரணியின் பேருந்து தாக்கப்பட்டதால் ஆட்டம் 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பின்தங்கியிருந்த வெஸ்ட் ஹாம் இறுதியில் 3–2 என வென்றது. வின்ஸ்டன் ரீடு அடித்த வெற்றிக் கோலே அந்த மைதானத்தின் கடைசிக் கோல். ஆட்டத்துக்குப் பின் விளக்குகள் அணைக்கப்பட்டு விடைபெறும் விழா நடந்தது. அதே ஆண்டில் இடிக்கும் பணி தொடங்கியது. இன்று அவ்விடத்தில் 800-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு நிற்கிறது.

புதிய அரங்கத்தில் ஆட்ட நாள்

புதிய அரங்கத்தில் முதல் போட்டி ஆட்டம் 2016 ஆகஸ்ட் 4 அன்று ஸ்லோவேனியாவின் டோம்ஷாலே அணிக்கு எதிராக நடந்தது; வெஸ்ட் ஹாம் 3–0 என வென்றது. முதல் பிரீமியர் லீக் ஆட்டத்தில் போர்ன்மத் அணியை 1–0 என வென்றது.

பயணத்தைப் பொறுத்தவரை புதிய இடம் வசதியானது. ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்தில் சுரங்க ரயில்களும் மேல்தள ரயில்களும் பல திசைகளிலிருந்து வந்து சேர்கின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல், புட்டிங் மில் லேன், ஹாக்னி விக் ஆகிய நிலையங்களும் நடக்கும் தொலைவில் உள்ளன. ஆனால் நடக்கும் வழி முற்றிலும் வேறு. ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கும் ரசிகர்களில் பலர் வெஸ்ட்ஃபீல்டு என்னும் பெரிய வணிக வளாகத்தின் ஓரமாக நடந்து, பாலங்களைக் கடந்து, பூங்காவின் திறந்த வெளிக்கு வருகிறார்கள். அங்கே பழைய மதுக்கூடமோ, தலைமுறையாக நடத்தப்படும் பைக் கடையோ இல்லை. ஆட்டம் முடிந்து திரும்பும்போது, நெரிசலைத் தவிர்க்க, பணியாளர்கள் கூட்டத்தை ஆங்காங்கே நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறார்கள். ஆகவே நிலையத்தை அடையச் சில வேளைகளில் நீண்ட நேரம் ஆகிறது.

பழைய நண்பர் குழுக்கள் சிதறியதே பலருக்குப் பெரிய இழப்பாக இருந்தது. ஒரே வரிசையில் பல்லாண்டுகள் அருகருகே அமர்ந்தவர்கள், புதிய அரங்கத்தில் வெவ்வேறு பகுதிகளில் இருக்கை பெற்றார்கள். பெயர் தெரியாமலே ஒவ்வொரு கோலுக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள் பிரிந்துபோனார்கள். அரங்கினுள் விற்கப்பட்ட சோளப்பொரி ரசிகர்களின் கேலிக்குரிய அடையாளமாயிற்று. திரையரங்குக்கு வந்ததுபோல் இருக்கிறது என்பதே அந்தக் கேலியின் பொருள்.

நிற்பதும் அமர்வதும்

முதல் சில வாரங்களிலேயே ரசிகர்களுக்குள் மோதல் ஏற்பட்டது. அதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். அதன்பின் வந்த டெய்லர் அறிக்கையின் பரிந்துரைப்படி, 1994 முதல் இங்கிலாந்தின் முதல் இரு நிலைப் போட்டிகளில் நின்று பார்க்கும் மாடங்கள் நீக்கப்பட்டு, எல்லா இடங்களிலும் இருக்கைகள் கட்டாயமாயின. எனினும் ஒவ்வோர் அரங்கத்திலும் சில பகுதிகளில் ரசிகர்கள் வழக்கமாக எழுந்து நின்றே ஆட்டம் பார்த்தனர். யார் எங்கே நிற்பார்கள், எங்கே அமர்வார்கள் என்பது ஆண்டுக்கணக்கில் பழகிப்போன, எழுதப்படாத ஏற்பாடு.

போலின் மைதானத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய அரங்கத்தில் குலைந்தது. நிற்க விரும்புபவர்களும், குழந்தைகளோடு வந்த குடும்பத்தினரும், முதியவர்களும் அடுத்தடுத்த வரிசைகளில் அமர்த்தப்பட்டனர். முன்னால் நிற்பவரால் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் மறைந்தது. சொற்போர் கைகலப்பாக மாறியது. அரங்கினுள் காவல்துறையின் வானொலித் தொடர்பு சரியாக இயங்காததால் தொடக்கத்தில் காவலர்கள் உள்ளே நிறுத்தப்படவில்லை. 2016 அக்டோபர் 26 அன்று செல்சீ அணியுடன் நடந்த கோப்பை ஆட்டத்தில் இரு தரப்பு ரசிகர்களுக்கும் இடையே நாணயங்களும் இருக்கைத் துண்டுகளும் வீசப்பட்டன.

யாரிடம் முறையிடுவது என்பதே ரசிகர்களுக்குக் குழப்பமாக இருந்தது. அரங்கத்தின் உரிமையாளர் ஒரு பொது அமைப்பு. நடத்தும் நிறுவனம் வேறு. ஆடும் கழகம் வேறு. களத்தைச் சுற்றியுள்ள பச்சை விரிப்பைக் கழகத்தின் நிறத்துக்கு மாற்றுவதுகூட இவர்களுக்கிடையே நீண்ட பேச்சுக்குரிய பிரச்சினையாகி, 2019-இல்தான் முடிந்தது. வீடு மாறியவர் சுவருக்கு வண்ணம் பூசவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருப்பதைப் போன்ற நிலை அது.

2018 மார்ச் 10

ரசிகர்களின் மனக்குறை 2018 மார்ச் 10 அன்று பர்ன்லி அணியுடனான ஆட்டத்தில் வெடித்தது. பாபி மூர் மறைந்து 25 ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் நாளாக அது திட்டமிடப்பட்டிருந்தது. இரண்டாம் பாதியில் பர்ன்லி கோல் அடித்ததும் ரசிகர்கள் சிலர் களத்தில் இறங்கினர். ஒருவரை அணித்தலைவர் மார்க் நோபிள் தாமே பிடித்துத் தள்ளினார். மற்றொருவர் மூலைக் கொடியைப் பிடுங்கி நடுக்களத்தில் நட்டார். நூற்றுக்கணக்கானோர் இயக்குநர்கள் அமர்ந்திருந்த பகுதிக்குக் கீழே திரண்டு, கழகத்தை விற்கும்படி முழங்கினர். நெரிசலில் அஞ்சிய வெஸ்ட் ஹாம் சிறுவர்கள் சிலரைப் பர்ன்லி ஆட்டக்காரர்கள் தங்கள் மாற்று ஆட்டக்காரர் இருக்கைகளில் அமர்த்திப் பாதுகாத்தனர். ஆட்டம் 0–3 எனத் தோல்வியில் முடிந்தது.

களத்தில் இறங்கியது விதிமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பின்னணியில் ஓர் எளிய கேள்வி இருந்தது. பெரிய அரங்கம் கிடைத்தால் பெரிய அணி உருவாகும் என்று சொல்லித்தான் பழைய மைதானத்தை விட்டுத்தரக் கேட்டார்கள். மைதானம் போய்விட்டது, சொன்ன அணி எங்கே என்பதே அந்தக் கேள்வி.

படிப்படியான மாற்றங்கள்

அதன் பின்னர் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. 2019-இல் கழகத்துக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடிய பில்லி பாண்ட்ஸின் பெயர் ஒரு மாடத்துக்குச் சூட்டப்பட்டது. 2020 முதல் கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள கீழ் மாடங்கள் வளைவு நீக்கப்பட்டு, களத்துக்கு இணையாக நேராக்கப்பட்டு, சில மீட்டர் முன்னே கொண்டுவரப்பட்டன. 2021-இல் மூர், ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் ஆகியோரின் சிலை அரங்கத்துக்கு வெளியே நிறுவப்பட்டது. தொடக்கத்தில் கால்பந்துக்கு ஏறத்தாழ 57,000 ஆக இருந்த இருக்கை அனுமதி, பின்னர் 60,000 ஆகவும் 62,500 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஆட்டமே. 2022 மார்ச் 17 அன்று யூரோப்பா லீக் போட்டியில் ஸ்பெயினின் செவில்லா அணி இங்கு ஆடியது. முதல் ஆட்டத்தில் 0–1 எனத் தோற்றிருந்த வெஸ்ட் ஹாம், இந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 2–0 என வென்றது. 112-ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் உக்ரைன் நாட்டைச் சேர்ந்த ஆந்திரி யர்மொலென்கோ. அவருடைய நாட்டில் போர் மூண்டு மூன்று வாரங்களே ஆகியிருந்தன. புதிய அரங்கம் உண்மையில் தங்கள் மைதானமாகத் தோன்றிய முதல் இரவு என்று அதை ரசிகர்கள் பலர் குறிப்பிடுவதுண்டு. அன்றும் அரங்கம் அதே நீள்வட்ட வடிவில்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்துக்கென ஒரு நினைவு பிறந்துவிட்டது.

2023 ஜூன் 7 அன்று பிராகாவில் நடந்த ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இத்தாலியின் ஃபியோரென்டினாவை 2–1 என வென்று, 1980-க்குப் பின் முதன்முறையாகப் பெரிய கோப்பை ஒன்றை வெஸ்ட் ஹாம் பெற்றது. மறுநாள் வெற்றி ஊர்வலம் பார்க்கிங் ரோடு – க்ரீன் ஸ்ட்ரீட் சந்திப்பில் உள்ள 1966 வெற்றியாளர் சிலையருகே தொடங்கி ஸ்ட்ராட்ஃபோர்டு நகர மன்றத்தில் முடிந்தது. பழைய இடத்தையும் புதிய இடத்தையும் அந்த ஊர்வலம் ஒரே பாதையில் இணைத்தது.

பெற்றவையும் இழந்தவையும்

இடமாற்றத்தால் பயன் பெற்றவர்களும் உண்டு. முதல் பருவத்தில் பெரியவர்களுக்கான மிகக் குறைந்த பருவச் சீட்டு விலை 289 பவுண்டு. பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்குச் சொந்த மைதான ஆட்டங்கள் 19. எனவே ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு ஆகிறது. லண்டனில் இது மிகக் குறைவு. 16 வயதுக்குட்பட்டோருக்கு 99 பவுண்டில் பருவச் சீட்டு கிடைத்தது. பழைய மைதானத்தில் இடமே கிடைக்காத இளைஞர்களும் குடும்பங்களும் உள்ளே வர முடிந்தது. முதல் பருவத்தில் லீக் ஆட்டங்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 57,000 பேர் வந்தனர்; அதாவது பழைய மைதானம் கொள்ளாத இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடுதலாக வந்தனர். அவர்களுள் சிறுவர்களுக்குப் போலின் மைதானம் கேட்டறிந்த கதை. லண்டன் அரங்கமே அவர்கள் கண்ட முதல் மைதானம்.

இழப்பு பெரும்பாலும் அரங்கத்துக்கு வெளியே நேர்ந்தது. க்ரீன் ஸ்ட்ரீட்டையும் பார்க்கிங் ரோடையும் சுற்றியிருந்த உணவுக் கடைகளும் மதுக்கூடங்களும் ஆட்ட நாள் வணிகத்தை இழந்தன. போலின் டேவர்ன் சில காலம் மூடப்பட்டு, சீரமைக்கப்பட்டு, 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1966 சிலை மட்டும் தன் பழைய இடத்திலேயே நிற்கிறது.

பிற கழகங்களின் அனுபவம்

வெஸ்ட் ஹாமின் அனுபவத்தைப் பிற கழகங்களோடு ஒப்பிட்டால் சில உண்மைகள் தெளிவாகும். டோட்டன்ஹாம் கழகம் ஒலிம்பிக் அரங்கம் கிடைக்காததால் தன் பழைய மைதானம் இருந்த இடத்திலேயே புதிய அரங்கத்தைக் கட்டி, 2019 ஏப்ரல் 3 அன்று முதல் லீக் ஆட்டத்தை ஆடியது. அங்கு ஏறத்தாழ 62,850 பேர் அமரலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் 17,500 பேர் கொள்ளும் ஒரே அடுக்கு மாடம் அமைக்கப்பட்டது. முன்வரிசை களத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் தொலைவில் உள்ளது. ரசிகர்கள் நடந்து வரும் தெருவும் மாறவில்லை. எனினும் அந்த அரங்கத்துக்கான கடன் பெரிது. சீட்டு விலையும் அதிகம்.

லிவர்பூல் நகரின் எவர்டன் கழகம் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு, 2025-இல் ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் 52,000-க்கும் மேற்பட்டோர் அமரும் புதிய அரங்கத்துக்கு மாறியது. பழைய மைதானத்தை இடிக்காமல் மகளிர் அணியின் மைதானமாக வைத்துக்கொண்டது.

இவ்விரு கழகங்களும் கால்பந்துக்கெனவே அரங்கம் கட்டின. வெஸ்ட் ஹாமுக்கு வேறொரு விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட, பிறருக்குச் சொந்தமான அரங்கம் குறைந்த செலவில் கிடைத்தது. செலவு குறைந்ததன் பயன் சீட்டு விலையில் தெரிந்தது. அரங்கம் பொருந்தாததன் குறை ஆட்ட நாளில் தெரிந்தது.

முடிவுரை

புதிய அரங்கம் கட்டுவோர் இருக்கைகளின் எண்ணிக்கை, ரயில் வசதி, கூரை, விளக்கு ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். இவை எல்லாம் தேவையே. ஆனால் ரசிகருக்கு ஆட்ட நாள் என்பது 90 நிமிட ஆட்டம் மட்டும் அன்று. நடக்கும் தெரு, சந்திக்கும் இடம், அருகில் அமர்பவர், சேர்ந்து பாடும் பாடல் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. வெஸ்ட் ஹாமின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. யார் எங்கே அமர்வது, யாரிடம் முறையிடுவது, களத்துக்கும் இருக்கைக்கும் எவ்வளவு தொலைவு என்பவற்றை முன்கூட்டியே ரசிகர்களோடு பேசி முடிவு செய்திருந்தால், முதல் ஆண்டுகளின் பூசல்களில் பலவற்றைத் தவிர்த்திருக்க முடியும். அடுத்ததாக, ஒரு மைதானம் மக்களின் சொந்த இடமாக மாறுவதற்குக் காலமும் பொதுவான நினைவுகளும் வேண்டும். போலின் மைதானத்துக்கு அதற்கென 112 ஆண்டுகள் கிடைத்தன.